விவரம் இரண்டாவது தாளில்

ஒரு கான்கிரீட் உத்தரத்தின் மேல் இன்னொரு கான்கிரீட் உத்தரம் உட்கார்ந்திருக்கிறது. மேலே இருப்பது வெயிலில் கொஞ்சம் நீளும், குளிரில் கொஞ்சம் சுருங்கும். அது நகர வழி விட்டால் கீழே இருப்பதற்கு ஒரு தொந்தரவும் இல்லை. நகர விடாமல் பிடித்து வைத்தால் கீழே இருப்பது பிளக்கும். இவ்வளவுதான் சமாசாரம். ஒரே அடுப்படியில் இரண்டு மருமகள்களை வைத்துச் சமாளிக்கிற எந்த வீட்டிலும் இது தெரியும். இதைத் தெரிந்துகொள்ள நான் பட்டத்துக்கு மேல் பட்டம் வாங்கி, கம்ப்யூட்டர் முன்னால் ஏழு மாதம் தவம் கிடந்தேன். அப்படியும் தெரிந்துகொண்டேனா என்று கேட்டால், இல்லை.

எண்பதுகளின் கடைசியில் மதுரையில் மேற்படிப்பை முடித்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பி வந்தேன். கட்டடப் பொறியியல் படித்த பெண் எங்கள் தெருவுக்கு நான்தான் முதல். அதனால் தெருவே என்னிடம் சுவர் ஓதம், ஓட்டு ஒழுக்கு, கக்கூஸ் அடைப்பு பற்றி ஆலோசனை கேட்டது. "இவ்வளவு படிச்சுட்டு இது தெரியலைங்கிறாளே" என்று என் காதுபடவே சொல்வார்கள். ராஜபாளையத்தில் ஒரு பொறியாளர் அலுவலகத்தில் வேலை கிடைத்ததும், விட்டால் போதும் என்று தினம் காலையில் பஸ் ஏறிவிடுவேன்.

அந்த அலுவலகத்தை நடத்தியவரை ஊரே 'சார்' என்றுதான் சொல்லும். நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன். சார் நல்ல உயரம், வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா. மூன்றும் எழுதாது. எழுதுவதற்குத்தான் நான் இருந்தேனே.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் ஒரு நூற்பாலை விரிவாக்க வேலை எங்களுக்கு வந்தது. பழைய கட்டடத்தை ஒட்டிப் புதிய கூடம் ஒன்று. பழைய உத்தரத்திலிருந்து கை நீட்டியது மாதிரி கான்கிரீட் தாங்கிகள் வெளியே நிற்கும். புதுக் கூடத்தின் உத்தரங்கள் ஒரு முனையில் அந்தத் தாங்கிகளின் மேல் உட்கார வேண்டும். உட்கார மட்டும்தான் வேண்டும், ஒட்டக் கூடாது. நகர இடம் வேண்டும். இந்த மாதிரி இடத்துக்கு எங்கள் தொழிலில் 'ஸ்லைடிங் ஜாயிண்ட்' என்று பெயர்.

இந்தப் பெயரை வைத்தவரை நான் பார்த்ததில்லை. பார்த்தால் நாலு வார்த்தை கேட்பேன். பிரிந்திருக்க வேண்டிய இடத்துக்கு 'ஜாயிண்ட்' என்று பெயர் வைக்கிற புத்தி யாருக்கு வரும்? அதைத்தான் நான் அழகான கையெழுத்தில், ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில் வரைபடத்தில் எழுதினேன். பக்கத்தில் ஓர் அம்புக்குறி போட்டு, 'விவரம் இரண்டாவது தாளில்' என்றும் எழுதினேன். இரண்டாவது தாள் அப்போது இல்லை. பிறகு வரைந்துகொள்ளலாம் என்று இருந்தேன். ஏன் பிறகு? அங்கேதான் என் மேதாவிலாசம் வருகிறது.

இரண்டு உத்தரத்துக்கும் நடுவில் உராய்வு எவ்வளவு இருக்கும் என்று சார் ஒரு நாள் பேச்சுவாக்கில் கேட்டார். தெரியாது, ஏதோ ஒன்று போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். "கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சிரலாம் சார், ஃபைனைட் எலிமென்ட் முறையில" என்றேன். சாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. மில் மேனேஜரிடம் போய், "நம்ம ஆபீஸ்ல கம்ப்யூட்டர்ல டிசைன் பண்றோம்" என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். எங்கள் ஆபீஸில் கம்ப்யூட்டர் என்று ஒரு சாமான் கிடையாது. கால்குலேட்டர் ஒன்று இருந்தது, அதிலும் ஏழு அழுந்தாது.

கம்ப்யூட்டர் இருந்தது பக்கத்தில் ஒரு கல்லூரியில். எனக்கு மதுரையில் பாடம் எடுத்த ஒருவர் அங்கே வேலைக்கு வந்திருந்ததால், வாரத்தில் மூன்று நாள் மத்தியானம் உட்காரலாம் என்று அனுமதி கிடைத்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே ஏ.சி. வெளியே வகுப்பில் பிள்ளைகள் வெந்து கிடப்பார்கள். கம்ப்யூட்டர் மட்டும் குளுகுளு என்று இருக்கும். ஆண்டாள் சன்னதியில்கூட நான் அவ்வளவு பயபக்தியோடு நின்றதில்லை.

முறை என்னவென்றால், உத்தரத்தைப் பர்பி மாதிரி சின்னச் சின்னத் துண்டாகப் போட்டு, ஒவ்வொரு துண்டும் எவ்வளவு நசுங்கும், எவ்வளவு இழுபடும் என்று கணக்குப் பார்ப்பது. ஒரே உத்தரம் என்றால் சொன்னபடி கேட்கும். இரண்டு உத்தரம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வழுக்க வேண்டும் என்றதும் கம்ப்யூட்டருக்குக் கிறுக்குப் பிடித்துவிடும். கான்கிரீட்டுக்குள் கான்கிரீட் புக முடியாது என்பது அதற்குத் தெரியாது. மேல் உத்தரம் ஜம்மென்று கீழ் உத்தரத்துக்குள் இறங்கி, அந்தப் பக்கமாக வெளியே வந்து நிற்கும். பேய்க் கதை கெட்டது போங்கள்.

இதைத் தடுக்க, தொடுகிற இடத்தில் கற்பனையாகச் சில ஸ்பிரிங்குகளை வைக்க வேண்டும். ஸ்பிரிங் இளக்கமாக இருந்தால் உத்தரம் உள்ளே இறங்கும். விறைப்பாக வைத்தால் எண்கள் எகிறிப் போய், ராஜபாளையத்தில் இருக்கிற உத்தரத்தின் முனை அடுத்த ஊரான தேவதானத்தைத் தாண்டிப் போய்விட்டதாகக் கணக்கு வரும். நடுவில் ஒரு எண்ணைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குப் பிறகு உராய்வு. ஒவ்வொரு சுற்றிலும் கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளும்: இந்தப் புள்ளி ஒட்டியிருக்கிறதா, வழுக்குகிறதா? ஒட்டியிருக்கிறது என்று ஒரு சுற்றில் சொல்லும். அடுத்த சுற்றில் வழுக்குகிறது என்னும். மறுபடி ஒட்டியிருக்கிறது என்னும். பெண் பார்க்க வந்துவிட்டு ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம் என்கிற மாப்பிள்ளை வீட்டார் மாதிரி, ஒரு முடிவுக்கும் வராது. இடையில் கரண்ட் போய்விட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எங்கள் பக்கம் கரண்ட் போகாத மத்தியானம் எது?

நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடேங்கப்பா, எவ்வளவு சந்தோஷம்! பஸ்ஸில் அச்சடித்த தாளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு வருவேன். ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்கும் அந்த நீளத் தாளைப் பக்கத்து சீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். இந்தப் பக்கத்திலேயே இதைச் செய்கிற ஒரே ஆள் நான்தான் என்ற நினைப்பு எனக்குத் தலைக்கு ஏறிக் கிடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிற யாரையாவது நிறுத்தி, எப்போது ஒட்டும், எப்போது வழுக்கும் என்று கேட்டிருந்தால் கரண்டியை எடுக்காமலே சொல்லியிருப்பார். கேட்கத் தோன்றவில்லை.

இந்த ஏழு மாதத்தில் மில்லில் வேலை நிற்கவில்லை. அங்கே கான்கிரீட் வேலைக்கு மேஸ்திரியாக இருந்தவரை எல்லாரும் 'பாய்' என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். ஒல்லி ஆள். கட்டம் போட்ட கைலியை மடித்துக் கட்டியிருப்பார். வரைபடத்தை வாங்கினால் முதலில் கையைத் துடைத்துக்கொண்டுதான் வாங்குவார். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, ஆனால் வரைபடத்தில் அடிக்கடி வருகிற நாலைந்து சொற்களை உருவம் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். அதில் 'ஜாயிண்ட்' ஒன்று.

ஒரு நாள் பாய் அலுவலகத்துக்கு வந்தார். நான் அப்போதுதான் அச்சடித்து வந்த தாள்களில் மூழ்கிக் கிடந்தேன். முதன்முறையாகக் கணக்கு ஒரு முடிவுக்கு வந்திருந்தது. மேல் உத்தரம் ஒழுங்காக வழுக்கியிருந்தது.

"ம்மா, அந்தச் சைடிங் ஜாயிண்ட்டுக்கு ரெண்டாவது தாளு இன்னும் வரலியே. நாளைக்குப் பலகை அடிச்சு முடிஞ்சுரும்."

"கம்ப்யூட்டர்ல இருக்கு பாய். வந்துரும்."

"அதுவரைக்கும் ஆளுகள சும்மா ஒக்கார வைக்க முடியாதும்மா. நாங்க எப்பவும் போடுத மாதிரி ஜாயிண்ட்ட நல்லாப் போட்டுருதோம்."

"நல்லாப் போடுங்க பாய்" என்றேன்.

தலையைத் தூக்கவில்லை. அவர் 'ஸ்லைடிங்' என்று சொல்லவில்லை, 'சைடிங்' என்று சொன்னார் என்பதும் என் காதில் ஏறவில்லை. யாரோ ஒரு சூப்பர்வைசர் படித்துக் காட்டியபோது அது அப்படி ஆகியிருந்தது. பழைய கட்டடத்தின் சைடில் புதுக் கட்டடத்தைச் சேர்க்கிறோம், ஆகவே சைடிங் ஜாயிண்ட். பொருத்தமாகத்தான் இருக்கிறது. நான் எழுதிய பெயரைவிட அது நல்ல பெயர்.

பாய் அதை நல்லாப் போட்டார். அந்த ஊரில் அவரைவிட நல்லாப் போட ஆள் கிடையாது. நேற்றுப் போட்ட கான்கிரீட்டோடு இன்றைய கான்கிரீட்டைச் சேர்க்கிற இடத்துக்குக் கொத்தனார்கள் ஜாயிண்ட் என்பார்கள். அதற்கு ஒரு பக்குவம் உண்டு. பழைய முகத்தை உளியால் கொத்திச் சொரசொரப்பாக்க வேண்டும். தூசி போகக் கழுவ வேண்டும். சிமெண்ட்டைப் பால் மாதிரிக் கரைத்து ஊற்ற வேண்டும். அது காய்வதற்குள் புதுக் கான்கிரீட்டைப் போட வேண்டும். அந்தப் பக்குவத்தில் ஒன்றையும் குறைக்காமல் செய்திருக்கிறார். நான் கல்லூரியில் ஏ.சி. அறையில் இரண்டு உத்தரத்தை வழுக்க வைத்துக்கொண்டிருந்தபோது, மில்லில் அதே இரண்டு உத்தரமும் ஜென்மத்துக்கும் பிரியாதபடி ஒட்டிக்கொண்டன.

அடுத்த கோடையில் விரிசல் விட்டது. பழைய கட்டடத்தின் தாங்கிகள் ஒன்றுவிட்டு ஒன்று, பழைய உத்தரத்திலிருந்து கிளம்பும் இடத்திலேயே சாய்வாகப் பிளந்திருந்தன. அங்கே கீழே இயந்திரங்கள் ஓடுகின்றன, ஆட்கள் வேலை செய்கிறார்கள். மேனேஜர் அந்த வரிசையை நிறுத்திவிட்டு, இரும்புக் குழாய்களால் முட்டுக் கொடுக்கச் சொல்லிவிட்டு, சாரைக் கூப்பிட்டு அனுப்பினார். சாதாரணமாக நல்ல தமிழ் பேசுகிற மனுஷர். கோபம் வந்தால் வீட்டில் பேசுகிற தெலுங்கு வந்துவிடும். "ஏமய்யா இதி?" என்று தாங்கியைக் காட்டிக் கேட்டார். சார் என்னைப் பார்த்தார். நான் தாங்கியைப் பார்த்தேன்.

சாருக்கு யோசிக்கவே நேரம் வேண்டியிருக்கவில்லை. "டிசைன்ல தப்பே கிடையாது. கம்ப்யூட்டர்ல செக் பண்ணியிருக்கோம். இது வொர்க்மேன்ஷிப். கான்கிரீட் சரியில்லை" என்றார். சாயங்காலத்துக்குள் அந்தப் பேச்சு ஊருக்குள் இறங்கிவிட்டது. மில் கட்டட வேலையை எடுத்திருந்த கான்ட்ராக்டர் பாயை நிறுத்திவிட்டார். விரிசலுக்குக் காரணம் எழுதி ரிப்போர்ட் கொடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

இரண்டு நாள் கழித்து பாய் அலுவலகத்துக்கு வந்தார். இந்தத் தடவை உள்ளே வரவில்லை, வாசல் நிலையிலேயே நின்றார்.

"சுந்தரபாண்டியத்துல ஒரு மண்டப வேலை பேசி வச்சிருந்தேம்மா. அவியளும் வேண்டாம்னுட்டாக. மில்ல ஒடச்ச கொத்தனாருன்னு பேராயிப்போச்சு. எங்கூட இருந்த ஆளுக ஒவ்வொருத்தனா வேற மேஸ்திரிகிட்டப் போயிட்டானுக. நீங்க ரிப்போர்ட் எழுதப் போறீகளாமே. என் கான்கிரீட்டு சரியில்லன்னு எழுதிட்டீகன்னா, இந்தப் பக்கம் ஒரு பய என்னைய கூப்பிட மாட்டான். செத்த பாத்து எழுதுங்க."

"பாத்துட்டுத்தான் எழுதுவேன் பாய்" என்றேன். அந்த நிமிஷம் அதை உண்மையாகத்தான் சொன்னேன்.

மறுநாள் மில்லுக்குப் போய் ஏணியில் ஏறினேன். ஏழு மாதமாக நான் கணக்குப் போட்ட இடத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கிட்டத்தில் பார்க்கிறேன். வெட்கமாக இருக்கிறது, என்ன செய்ய? உத்தரத்துக்கும் தாங்கிக்கும் நடுவில் இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடை நுழைக்கப் பார்த்தேன். நுழையவில்லை. இங்கே ஒரு கோடு இருக்க வேண்டுமே என்று விரலால் தடவினேன். கோடே இல்லை. எது பழையது, எது புதியது என்று தெரியாத அளவுக்குச் சேர்ந்திருந்தது. அவ்வளவு நல்ல வேலை. 

அன்று மத்தியானமே கல்லூரிக்குப் போனேன். என் நிரலில் ஸ்பிரிங், உராய்வு, ஒட்டுகிறதா வழுக்குகிறதா என்கிற விசாரணை, எல்லாவற்றையும் தூக்கி எறிந்தேன். இரண்டு உத்தரமும் ஒட்டியிருக்கின்றன என்று ஒரே ஒரு வரி எழுதினேன். ஏழு மாதம் என்னைப் பேயாட்டம் ஆட்டிய கம்ப்யூட்டர், அதை ஒரே மூச்சில், வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் போட்டுக் கொடுத்துவிட்டது. எந்த இடத்தில் இழுவிசை அதிகம் என்று பார்த்தேன். விரிசல் விட்ட அதே இடம். அதே சாய்வு. கான்கிரீட் நன்றாக இருந்ததால்தான், ஜாயிண்ட் பிரியாமல் தாங்கி பிளந்திருக்கிறது. இத்தனை நாளும் வழுக்கும் என்று நான் சொல்லிக் கொடுத்ததையே அது வழுக்கும் என்று என்னிடம் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. அதைத்தான் சார் 'கம்ப்யூட்டர்ல செக் பண்ணியிருக்கோம்' என்று ஊரெல்லாம் சொன்னார்.

சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பாய் வந்து கேட்டது, நான் நல்லாப் போடுங்க என்றது உட்பட. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரெண்டாவது தாள் இருக்கா?"

"இல்ல சார். வரையவே இல்ல."

"வரைஞ்சா இருக்கும்."

எனக்குப் புரியவில்லை என்று நினைத்து, விளக்கமும் சொன்னார். "பழைய தேதி போட்டு வரை. நாளான்னைக்கு மீட்டிங். நாம அனுப்பிட்டோம், அவன் தொலைச்சுட்டான். இல்லாட்டி ஆபீஸ் பேர் நாறிப்போகும். உன் பேரும்தான்."

நான் மாட்டேன் என்று சொன்னதாக எழுத எனக்கும் ஆசைதான். சொல்லவில்லை. பயந்தேன். பொம்பளை இன்ஜினியரை வைத்தால் இப்படித்தான் என்று ஊர் சிரிக்கும் என்று பயந்தேன். வீட்டில் அப்பா, "நான் அப்பவே சொன்னேன், டீச்சர் வேலைக்குப் போன்னு" என்பாரே என்று பயந்தேன். இவ்வளவு பயத்துக்கும் நடுவில் பாய் வாசலில் நின்ற முகம் ஒரு தடவை வந்தது. அதை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

அந்தத் தாளைப் போல அழகாக என் ஆயுளில் எதையும் வரைந்ததில்லை. தாங்கியின் மேல் முகத்தை வழவழவென்று பூசு. அதன் மேல் ஒரு தகரத் தகடு. கிரீஸ் தடவி, மேலே இன்னொரு தகடு. அதன் மேல் உத்தரம். முனையில் ஓர் அங்குலம் இடைவெளி. அவ்வளவுதான். அரை மணி நேர வேலை. எந்த உராய்வு எண்ணுக்காக ஏழு மாதம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் காத்துக் கிடந்தேனோ, அந்த எண்ணை எழுத அந்தத் தாளில் ஓர் இடமே இல்லை. கீழே பழைய தேதியைப் போட்டேன். பஜார் பக்கம் ஒரு கடையில் கொடுத்து நகல் எடுத்தேன். அந்தக் காலத்து நகல் என்றால் அம்மோனியா நகல். தாளைச் சுருட்டி அம்மோனியா உள்ள குழாயில் போட்டு எடுப்பார்கள். நீலக்கோடாக விழும். மூக்கைத் துளைக்கிற வாடை அடிக்கும்.

மீட்டிங் மேனேஜர் அறையில் நடந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் மேனேஜர், இந்தப் பக்கம் சாரும் நானும். பாய் நின்றார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. சார் கணீரென்று பேசினார். விவரம் இரண்டாவது தாளில் என்று முதல் தாளிலேயே எழுதியிருக்கிறது, இதோ இரண்டாவது தாள், இதோ தேதி. "இதை அன்னைக்கே சைட்டுக்கு அனுப்பியாச்சு. இவரு பாக்கலை" என்றார்.

மேனேஜர் தாளைப் பாயிடம் நீட்டினார். பாய் வழக்கம் போலக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். பிரித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தாளை மூக்குக்கு அருகில் கொண்டுபோய் மெதுவாக மோந்தார்.

வருஷக்கணக்காக அம்மோனியா நகல்களோடு புழங்குகிற மனுஷர். சைட்டுக்கு வந்த தாள் பத்து நாளில் வெளுக்கும், மடிப்பில் கிழியும், சிமெண்ட் அப்பிக்கொள்ளும், வாடை போய்விடும். இந்தத் தாள் மொடமொடவென்று நின்றது. எனக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே வாடை வந்தது. பாய் நிமிர்ந்தார். சாரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"நல்லா வரைஞ்சிருக்கீகம்மா" என்றார்.

தாளை மடித்து மேஜை மேல் வைத்தார். "என்ன பாய், ஏதாவது சொல்லணுமா?" என்று மேனேஜர் கேட்டார். "நான் என்னத்தச் சொல்ல? வாரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அவர் கத்தியிருந்தால் நான் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினேன். கேட் பக்கத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"பாய், தப்பு என்மேலதான். அன்னைக்கு நீங்க கேட்டப்ப நான் காதுலயே வாங்கலை. அந்தத் தாளை முந்தாநாள்தான் வரைஞ்சேன். மன்னிச்சுக்கோங்க" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுததில் கொஞ்சம் மனசு லேசானது. அந்த லேசு எனக்கே பிடித்தும் இருந்தது.

பாய் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டார்.

"எங்கிட்டச் சொல்லி என்னம்மா பிரயோசனம்? எனக்குத்தான் தெரியுமே. உள்ள போயிச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு ஏறி மிதித்துப் போய்விட்டார். நான் கேட் அருகில் வாட்ச்மேன் பார்க்கப் பேந்தப் பேந்த முழித்துக்கொண்டு நின்றேன். பஸ் ஸ்டாண்ட் அந்தப் பக்கம், மேனேஜர் அறை இந்தப் பக்கம். தலைவலி என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிடலாம் என்று தோன்றியது. இரண்டடி அந்தப் பக்கம் வைக்கவும் செய்தேன்.

நான் திரும்பிப் போனபோது டீயும் வடையும் வந்திருந்தன. சார் வடையைப் பிய்த்துக்கொண்டே கம்ப்யூட்டரின் அருமை பெருமைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சார், அந்தத் தாளை முந்தாநாள்தான் நான் வரைஞ்சேன்" என்றேன். மேனேஜரைப் பார்த்துச் சொன்னேன். "பாய் வந்து கேட்டாரு. நான்தான் போடச் சொன்னேன். அவரு கான்கிரீட்ல ஒரு குறையும் இல்லை. குறையிருந்தா தாங்கி தப்பிச்சிருக்கும்."

சார் சிரித்தார். "பொம்பளப் பிள்ளை, எளகின மனசு. அந்தாளு வெளிய போயி என்னவோ சொல்லியிருக்கான்" என்றார்.

மேனேஜர் டீ கிளாஸை நகர்த்தி வைத்துவிட்டு, மேஜையிலிருந்த தாளை எடுத்தார். பாய் செய்தது போலவே மூக்குக்குக் கொண்டுபோனார். அம்மோனியா நெடியில் அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. "சீ" என்று தாளைத் தூர வைத்தார். சார் வடையைத் தட்டில் போட்டார்.

அன்றோடு எனக்கு அந்த வேலை போயிற்று. பஸ்ஸில் அச்சடித்த தாள்கள் எதுவும் மடியில் இல்லாமல் வீட்டுக்கு வந்தேன். அப்பா எதிர்பார்த்ததைச் சொன்னார். தெருக்காரர்கள் மறுபடி கக்கூஸ் அடைப்பு பற்றிக் கேட்க ஆரம்பித்தார்கள்.

ஒரு மாதம் இருக்கும். மத்தியானம் வாசலில் சைக்கிள் சத்தம். பாய் நின்றார். ராஜபாளையத்திலிருந்து மிதித்தே வந்திருக்கிறார், சட்டையெல்லாம் நனைந்திருந்தது. உள்ளே வாங்க என்றேன். இங்கேயே போதும் என்று வாசற்படியில் நின்றுகொண்டார். நான் கொடுத்த மோரை ஒரே மூச்சில் குடித்தார்.

"மில்லுல அந்த வேலைய எனக்கே குடுத்துட்டாக. உத்தரத்த ஜாக்கி வச்சுத் தூக்கி, அறுத்துப் பிரிச்சு, தாங்கிய வேற போடணும். அந்தத் தாளு வேணும்மா. மேனேஜரு கிழிச்சுப் போட்டுட்டாரு."

உள்ளே போய் வெள்ளைத் தாளும் பென்சிலும் எடுத்து வந்தேன். அவர் கண் முன்னாலேயே, படியில் உட்கார்ந்து, முழங்காலில் பலகையை வைத்து வரைந்தேன். இரண்டு தகடு, நடுவில் கிரீஸ், ஓர் அங்குலம் இடைவெளி. பழக்கதோஷம், அம்புக்குறி போட்டு 'ஸ்லை' என்று ஆரம்பித்துவிட்டேன்.

"அது வேண்டாம்மா" என்றார் பாய். "ஜாயிண்ட்டுன்னு எழுதாதீக. எங்காளுக பொறவு சேத்துவச்சுருவானுக. தமிழ்ல எழுதுங்க."

ரப்பரால் அழித்துவிட்டு, 'இங்கே ஒட்டக்கூடாது' என்று எழுதினேன். நான் படித்த படிப்பெல்லாம் அந்த இரண்டு சொல்லில் அடங்கிவிட்டது. கீழே தேதி போட்டேன். அன்றைய தேதி.

பாய் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். எழுத்துக் கூட்டி ஒரு தடவை வாய்விட்டுப் படித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, தாளை மூக்குக்குக் கொண்டுபோய் மோந்து பார்த்தார். அதற்குப் பிறகுதான் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.